சின்னம்மா மகளும் வராத ஆறு நம்பரும்

மக்களே, ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆணி கொஞ்சம் அதிகம். ஆனா இதை எழுதாம விட்டா எனக்கே மனசு கேட்காது. படிச்சிட்டு உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு தடவை சொல்லி வைங்க.

போன கார்த்திகை மாசம் ஒரு விசேஷத்துக்காக ராசிங்காபுரம் போயிருந்தேன். போடியில இருந்து சிலமலை வழியா தேவாரம் போற ரோட்டுல இருக்கிற ஊரு. மேற்கே பார்த்தா மலை சுவரு மாதிரி நிக்கும். அந்த மலைக்கு அந்தப் பக்கம்தான் ஏலத்தோட்டம் எல்லாம். இங்கேயிருந்து விடியக்காலையில ஜீப்புல ஏறி, போடிமெட்டு வழியா அந்தப் பக்கம் போய் காயெடுத்துட்டு, பொழுது சாயுற நேரம் இறங்கி வர்ற பொம்பளையாளுக நிறையப் பேரு. எங்க சின்னம்மாவும் அதுல ஒருத்தர்.

நான் போய் இறங்கின மறுநாள் காலையில ஒன்பது மணி இருக்கும். சின்னம்மா மகள், அதாவது என் தங்கச்சி, கையில போனை வச்சுக்கிட்டு மொட்டை மாடிக்கும் கீழுக்குமா ஏறி இறங்கிட்டு இருந்தா.

"என்னத்தா, டவர் கிடைக்கலையா?"

"டவரெல்லாம் இருக்குண்ணே. ஓடிபி தான் வர மாட்டேங்குது. இன்னிக்குத்தான் கடைசி நாளு."

விசயம் இதுதான். அவ காலேஜ்ல ரெண்டாம் வருசம். முதல் வருசம் ஒரு உதவித்தொகை கிடைச்சிருக்கு. வருசா வருசம் அந்தத் தளத்துல போய்ப் புதுப்பிக்கணும். உள்ளே நுழையணும்னா மின்மடலுக்கு ஒரு ஆறு இலக்க எண் வரும், அதைத் தட்டணும். அந்த எண்ணுதான் மூணு நாளா வரலை. எந்தத் தளம்னு கேக்காதீங்க, இந்தப் பதிவுக்கு அது அவசியமில்லை.

பணம் வரலைன்னா என்ன ஆகும்னு கேட்டேன். சாதாரணமாச் சொன்னா: "அம்மா கங்காணிகிட்ட அட்வான்ஸ் கேக்கும்." அட்வான்ஸ் வாங்கினா அதைக் கழிக்கிற வரைக்கும் அந்த ஆளு சொல்ற தோட்டத்துக்குத்தான் போகணும். உடம்புக்கு முடியலைன்னாலும் போகணும். 2019 ஆகஸ்ட்ல ஏலக்காய் கிலோ ஏழாயிரம் ரூவாய்க்கு ஏலம் போச்சுன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சே, அப்பக்கூட சின்னம்மா சொன்னது, "காய் வெலை ஏறுனா எங்க கூலியாப்பா ஏறப் போகுது?"

நமக்குத்தான் பொட்டி தட்டற பொழப்பாச்சே, மெயில் சர்வர் பக்கம் கொஞ்சம் பழக்கம் உண்டு. "கொண்டா இங்க, அஞ்சு நிமிசத்துல முடிச்சுத் தர்றேன்"னு போனை வாங்கினேன். அஞ்சு நிமிசமாம்! சாயங்காலம் ஆயிருச்சு மக்களே.

முதல்ல எல்லாரும் செய்யறதைத்தான் நானும் செஞ்சேன். ஸ்பேம் பெட்டி. இல்லை. விளம்பரம், அறிவிப்புன்னு 2013-லயே ஜிமெயில்காரங்க இன்பாக்ஸைக் கூறு போட்டாங்களே, அந்தப் பகுதிகள். இல்லை. தேடற கட்டத்துல தளத்தோட பேரைப் போட்டு, எல்லா மடல்லயும் தேடினேன். போன வருசம் வந்த பழைய மடல் நாலு இருக்கு. புதுசு ஒண்ணுகூட இல்லை.

அடுத்தது முகவரி. இது நிறையப் பேரு கவனிக்காத இடம். பிரவுசிங் சென்டர்ல அவசரத்துல தட்டும்போது ஒரு எழுத்து மாறிப் போயிருக்கும், மடல் எல்லாம் எவனோ முகம் தெரியாதவனுக்குப் போய்க்கிட்டு இருக்கும். தளங்கள் முகவரியை முழுசாக் காட்டாது, முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் காட்டி நடுவுல நட்சத்திரமாப் போடும். அந்த நட்சத்திரத்தையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். சரியா இருந்துச்சு. (ஜிமெயில் முகவரியில நடுவுல புள்ளி இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.)

அதுக்குள்ள தங்கச்சி பத்து தடவை 'மறுபடி அனுப்பு' பொத்தானை அமுக்கிட்டா. பதினோராவது தடவை, 'அளவுக்கு மேல் முயன்றுவிட்டீர்கள், ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள்'னு கதவைச் சாத்திருச்சு. இதையும் குறிச்சுக்கங்க. பெரும்பாலான தளங்கள்ல புது எண் கேட்டா பழைய எண் செத்துப் போகும். நாலு தடவை அமுக்கினா, முதல்ல கேட்டது கடைசியா வந்து சேரும், நீங்க அதைத் தட்டுவீங்க, தப்புன்னு சொல்லும். ஒரு தடவை கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பொறுமையா இருக்கிறதுதான் நல்லது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருத்தன் உதவிக்கு வந்தான். தேடுபொறியில 'கஸ்டமர் கேர்'னு தேடி ஒரு நம்பரைப் பிடிச்சுக் கொண்டு வந்துட்டான். போட்டா, அந்தப் பக்கம் இனிக்க இனிக்கப் பேசி, ஒரு ஆப்பை இறக்கச் சொல்றாங்க, உங்க திரையை நாங்க பார்த்தாப் போதும்னு. பட்டுனு கட் பண்ணேன். அவசரத்துல இருக்கிறவனைத்தான் இவனுக தேடறது. உதவி எண் வேணும்னா அந்தத் தளத்துக்குள்ளேயே போய் எடுக்கணும், தேடுபொறியில இல்லை. வர்ற எண்ணை எவன் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஏமாந்துட்டா உடனே 1930-க்குப் போடுங்க.

சரி, கதவு திறக்க ஒரு மணி நேரம் இருக்கு. மடல் ஏன் வராதுன்னு தங்கச்சிக்கு விளக்கிச் சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

போடிமெட்டு செக்போஸ்டை நினைச்சுக்கங்க. ஒரு வண்டி மூட்டையோட வருது, 'நான் இன்ன எஸ்டேட் வண்டி'ன்னு சொல்லுது. செக்போஸ்ட்காரர் என்ன செய்வார்? எஸ்டேட்காரங்க ஏற்கெனவே கொடுத்து வச்ச வண்டி நம்பர் பட்டியல்ல இந்த நம்பர் இருக்கான்னு பார்ப்பார். மின்மடல்ல இதுக்குப் பேரு எஸ்.பி.எஃப். அடுத்து மூட்டையில எஸ்டேட்டோட சீல் உடையாம இருக்கான்னு பார்ப்பார். அது டி.கே.ஐ.எம். ரெண்டும் ஒத்து வரலைன்னா வண்டியைத் திருப்பி விடவா, ஓரங்கட்டவான்னு எஸ்டேட்டே எழுதிக் கொடுத்த உத்தரவு ஒண்ணு இருக்கும். அது டிமார்க். 2024 பிப்ரவரியில இருந்து, ஒரு நாளைக்கு அஞ்சாயிரத்துக்கு மேல மடல் அனுப்பறவங்க இந்த மூணும் வச்சிருக்கணும்னு கூகுளும் யாஹூவும் கண்டிசன் போட்டுட்டாங்க. அனுப்பறவன் பக்கம் இதுல ஏதாவது ஓட்டை இருந்தா, நீங்க இங்க எத்தனை தடவை அமுக்கினாலும் வராது.

இன்னொரு வித்தை இருக்கு. முன்னப் பின்னத் தெரியாத வண்டி வந்தா, 'இப்ப முடியாது, கொஞ்ச நேரம் கழிச்சு வா'ன்னு சில செக்போஸ்ட்ல சொல்லிருவாங்க. நேர்மையான வண்டி திரும்ப வரும். திருட்டு வண்டி அடுத்த ஊருக்குப் போயிரும். கிரேலிஸ்டிங்னு பேரு, 2003-ல வந்த யோசனை. ஸ்பேம் பிடிக்க நல்ல வழிதான். ஆனா திரும்ப வர்ற நேரம்தான் சிக்கல். மின்மடல் எப்படிப் போகணும்னு சொல்ற விதிப் புத்தகம் 1982-ல எழுதினது, 2008-ல திருத்தினது. அதுல என்ன சொல்லியிருக்குன்னா, ஒரு தடவை மடல் போகலைன்னா குறைஞ்சது அரை மணி நேரம் கழிச்சு மறுபடி முயற்சி பண்ணு, நாலஞ்சு நாள் வரைக்கும் விடாம முயற்சி பண்ணு.

நாலஞ்சு நாள்! நம்ம எண்ணுக்கு ஆயுசு பத்து நிமிசம்.

கோளாறோட வேரே இங்கதான்னு எனக்குத் தோணுது. 1971-ல ரே டாம்லின்சன் ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து பக்கத்துல இருந்த இன்னொண்ணுக்கு முதல் மடலை அனுப்பினப்ப, அது சாவகாசமாப் போற தபால். மழை வந்தாலும் வெள்ளம் வந்தாலும் எப்பவாவது கொண்டு போய்ச் சேர்க்கணும், தொலைக்கக் கூடாது, அதுதான் அதோட தர்மம். அந்தத் தபால்காரர் தலையில இன்னிக்குப் பத்து நிமிசத்துல அவிஞ்சு போற பண்டத்தை ஏத்தி விட்டுட்டோம். அவரு மேல கோவிச்சு என்ன பண்ண?

எஸ்.எம்.எஸ் மட்டும் என்ன ஒழுங்கான்னு கேட்டா, 2021 மார்ச் 8 ஞாபகம் இருக்கா? குறுஞ்செய்தி அனுப்பற நிறுவனங்க எல்லாம் தங்க பேரையும் செய்தியோட வாசகத்தையும் முன்கூட்டியே பதிஞ்சிருக்கணும், பதிஞ்சதோட ஒத்துப் போகாத செய்தியைத் தடுத்துரணும்ங்கிற டிராய் விதி அன்னிக்கு நடைமுறைக்கு வந்துச்சு. நிறையப் பேரு சரியாப் பதியலை. வங்கி, ஆதார், தடுப்பூசிப் பதிவுன்னு நாடு முழுக்க ஓடிபி முடங்கிப் போச்சு. மறுநாளே ஒரு வாரத்துக்கு நிறுத்தி வச்சாங்க. விதி நல்ல விதிதான், போலிச் செய்தியைத் தடுக்கத்தான். ஆனா அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்லயும் ஏ.டி.எம் வாசல்லயும் நின்ன ஆளுக்கு, தப்பு தன் போன்லன்னுதான் தோணியிருக்கும். தங்கச்சியும் அப்படித்தான் சொல்லிட்டே இருந்தா, "நான்தாண்ணே எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன்."

சரி, கதைக்கு வர்றேன். இப்படி வாய் கிழியப் பேசிட்டு இருக்கும்போதுதான் எனக்கே உறைச்சுது. மடல் வருதா வரலையான்னு சோதிக்க நாமளே ஒண்ணு அனுப்பிப் பார்க்கலாமே! என் முகவரியில இருந்து 'சோதனை'ன்னு ஒரு வரி தட்டி அவளுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்துல எனக்கே திரும்பி வந்துச்சு. காரணத்தோட. பெறுபவரோட பெட்டியில இடம் இல்லையாம்.

அடக் கடவுளே! இதை முதல் நிமிசத்துலயே பார்த்திருக்க வேண்டாமா? பொட்டி நிறைஞ்சா, வர்ற மடல் எல்லாம் அனுப்பினவனுக்கே திரும்பிப் போகும். நமக்கு ஒண்ணும் தெரியாது. இன்பாக்ஸ் சாதுவா உக்காந்திருக்கும். மேலே ஒரு எச்சரிக்கை வரும், அதை நாம தட்டி விட்டுருவோம். அவளும் அப்படித்தான் தட்டி விட்டிருக்கா.

2004-ல ஜிமெயில் வந்தப்ப ஒரு ஜிபின்னு சொன்னதும் வாயைப் பொளந்தவங்கதானே நாமெல்லாம். அழைப்பு கேட்டுக் கெஞ்சின ஆளுகளும் நம்மள்ல உண்டு :-) இப்ப 15 ஜிபி. ஆனா அந்தப் பதினஞ்சு மடலுக்கு மட்டும் இல்லை. டிரைவ், படம், எல்லாத்துக்கும் சேர்த்து. 2021 ஜூன்ல இருந்து புதுசா ஏத்தற படங்களையும் கணக்குல சேர்த்தாங்க. ஆண்ட்ராய்டு போன்ல எடுக்கிற வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024-ல இருந்து அதே கணக்குலதான். அதாவது, தம்பிக திருவிழாவுல எடுத்த வீடியோவும், குடும்பக் குழுவுல வர்ற காலை வணக்கமும் சேர்ந்து அந்த ஆறு நம்பரை வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கு.

எது அதிகமா அடைச்சிருக்குன்னு பார்த்தேன். வாட்ஸ்அப் பேக்கப் மட்டும் ஏழு ஜிபிக்கு மேல.

"இந்தக் குப்பையை முதல்ல அழி"ன்னு சொன்னேன். சொல்லிக்கிட்டே விரல் பொத்தானுக்குப் போயிருச்சு.

"வேணாம்ண்ணே."

"அட, ஒண்ணும் ஆகாதுத்தா..."

"வேணாம்."

குரல் மாறிருச்சு. நிமிர்ந்து பார்த்தேன். கண்ணு கலங்கியிருக்கு. சித்தப்பா இறந்து மூணு வருசம். அவருக்கு எழுத வராது. அதனால எதுன்னாலும் வாட்ஸ்அப்ல பேசித்தான் அனுப்புவார். 'பஸ் ஏறிட்டியா', 'சாப்பிட்டியா', 'போடியில மழையா'ன்னு. அம்புட்டும் அதுக்குள்ள இருக்கு. அதைத்தான் நான் குப்பைன்னு சொல்லியிருக்கேன்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. போனைக் கீழே வச்சிட்டு, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்து உக்காந்தேன். அப்புறம் நிதானமாச் சொன்னேன். "இங்க பாரு, மேல இருக்கிறது நகல். உன் போன்ல இருக்கிறது அசல். நகலை எடுத்தா அசல் போகாது. ஆனா போன் கெட்டுப் போனா நகல் வேணும். அதனால எதையும் அழிக்க வேணாம். முதல்ல அப்பா பேசினதை எல்லாம் தனியா எடுத்து வைப்போம்." பைக்கை எடுத்துட்டுப் போடிக்குப் போய் ஒரு பென்டிரைவ் வாங்கிட்டு வந்தோம். குரல் செய்தி கோப்பு எல்லாத்தையும் அதுல ஒரு நகல், என் லேப்டாப்ல ஒரு நகல். அப்புறம்தான் வேலையை ஆரம்பிச்சோம். அதுவும் பேக்கப்பைத் தொடலை. தம்பிக ஏத்தின திருவிழா வீடியோவைத்தான் அழிச்சோம். அழிச்சதுக்கு அப்புறம் குப்பைத் தொட்டியையும் காலி பண்ணணும், இல்லைன்னா இடம் காலியானதாக் கணக்கில்லை. நாலு ஜிபி கிடைச்சுது.

இந்த வேலையில ரெண்டு மணி நேரம் போச்சு. கடைசி நாள்ல ரெண்டு மணி நேரம்! ஆனா அதை அவசரப்படுத்த எனக்கு வாய் வரலை.

மறுபடி என் சோதனை மடலை அனுப்பினேன். டிங்! வந்துருச்சு. தங்கச்சி முகத்துல வெளிச்சம். தளத்துல போய் ஒரே ஒரு தடவை எண் கேட்டா. பத்து நிமிசம். இருபது நிமிசம். வரலை. மணி மூணரை.

இப்ப யோசிங்க. என் மடல் வருது, அவங்க மடல் வரலை. பொட்டியில இடம் இருக்கு, முகவரி சரி, தடுப்புப் பட்டியல்லயும் வடிகட்டியிலயும் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லை. அப்ப கோளாறு நம்ம பக்கம் இல்லை. இந்த இடத்துக்கு வந்துட்டா மறுபடி மறுபடி அமுக்கறது வெட்டி வேலை. தளத்துக்குள்ள இருந்த உதவி எண்ணை எடுத்துப் போட்டோம். மூணாவது தடவை ஒரு அம்மா எடுத்தாங்க.

நான் பேசலை. தங்கச்சியைத்தான் பேசச் சொன்னேன். என்ன சொல்லணும்னு மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தேன்: "மூணு நாளா பெட்டி நிறைஞ்சிருந்துச்சு, மடல் திரும்பி வந்திருக்கும். இப்ப சரி பண்ணிட்டேன். என் முகவரி உங்க அனுப்பக் கூடாத பட்டியல்ல விழுந்திருக்கான்னு பார்த்து எடுத்து விடுங்க."

இதுதான் நிறையப் பேருக்குத் தெரியாத விசயம். பெருசா மடல் அனுப்பற சேவைகள், ஒரு முகவரியில இருந்து மடல் திரும்பத் திரும்ப வந்தா, 'இது செத்த முகவரி, இனிமே அனுப்பாதே'ன்னு ஒரு பட்டியல்ல எழுதி வச்சிரும். செத்த முகவரிக்கு அனுப்பிட்டே இருந்தா அவங்க பேரு கெட்டுப் போகுமில்ல, அதனால. நீங்க அப்புறம் பெட்டியைச் சுத்தம் பண்ணினாலும் அது அவங்களுக்குத் தெரியாது. தளம் 'அனுப்பிவிட்டோம்'னு திரையில காட்டும். உண்மையில மடல் அவங்க வாசப்படியே தாண்டியிருக்காது.

அந்த அம்மா "ஒரு நிமிசம்மா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. ரொம்ப நேரம் பாட்டு ஓடிச்சு. திரும்பி வந்து, "ஆமாம்மா, நிறுத்தி வச்சிருக்கு. எடுத்து விட்டுட்டேன். கால் மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு தடவை அமுக்குங்க"ன்னாங்க. பேரு தெரியாத அந்த அம்மா நல்லா இருக்கணும்.

கால் மணி நேரம் அவ கடிகாரத்தையே பார்த்துட்டு இருந்தா. அமுக்கினா. ஒரு நிமிசம்கூட ஆகலை, வந்துருச்சு ஆறு நம்பர். விண்ணப்பத்தை அனுப்பி முடிச்சு, ரசீதைப் படம் எடுத்து வச்சப்ப மணி அஞ்சு.

அப்புறமா அவ கணக்குக்கு ஆதென்டிகேட்டர் ஆப்பும் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தளத்துக்கு அந்த வசதி இல்லை, ஆனா மெயில் கணக்குக்கு உண்டு. போனுக்குள்ளேயே முப்பது விநாடிக்கு ஒரு எண் பிறக்கும். மடலும் வேணாம், டவரும் வேணாம். போன்ல மணி மட்டும் சரியா ஓடணும். மலை மேல டவர் இல்லாத இடத்துலயும் எண் கிடைக்கும். அதோட, கணக்கை மீட்கிற இடத்துல இருந்த நம்பரையும் மாத்தினோம். யாரோட நம்பர் இருந்துச்சு தெரியுமா? கணக்கை ஆரம்பிச்சுக் கொடுத்த பிரவுசிங் சென்டர்க்காரரோடது! அவரு நல்லவராத்தான் இருக்கணும். ஆனாலும் நம்ம வீட்டுச் சாவி நம்ம வீட்டுலதான் இருக்கணும், இல்லையா?

இருட்டற நேரத்துல ஜீப்பு வந்து நின்னுச்சு. சின்னம்மா இறங்கினாங்க. கையில, சேலையில எல்லாம் பச்சைக் காய் வாசம். தூக்குச்சட்டியைக் கீழே வைக்கிறதுக்கு முன்னாடியே கேட்டாங்க, "அந்த நம்பரு வந்துருச்சா சாமி?"

"வந்துருச்சு சின்னம்மா. அனுப்பியாச்சு."

"இம்புட்டு நேரம் எங்கதான் கெடந்துச்சாம்?"

கிரேலிஸ்டிங், டிமார்க், பட்டியல்னு வாயெடுத்தேன். அப்புறம் விட்டுட்டேன். தங்கச்சி உள்ளே இருந்து பென்டிரைவைக் கொண்டு வந்து, என் லேப்டாப்ல சொருகி, ஒரு கோப்பைத் தட்டினா. சித்தப்பா குரல். "ஏத்தா, போடியில மழையா?"

சின்னம்மா திண்ணையில உக்காந்துட்டாங்க. மறுபடி போடச் சொன்னாங்க.

டிஸ்கி: எண் வரலைன்னா, முதல்ல வேற முகவரியில இருந்து உங்களுக்கே ஒரு மடல் அனுப்பிப் பாருங்க. அது திரும்பி வந்தா, கோளாறு உங்க பெட்டியிலதான். அது வந்து அவங்க மடல் மட்டும் வரலைன்னா, அவங்களைக் கூப்பிட்டுப் பேசுங்க. எதையாவது அழிக்கறதா இருந்தா, அது யாரோட குரல்னு ஒரு தடவை கேட்டுட்டு அழிங்க.